மை பட்ட விரல்

நான் ஒரு பொய் சொன்னேன். ஓட்டுப் போடும்போது விரலில் வைக்கும் மை ஒரு வாரம் வரைக்கும் வியர்வையில் கசிந்துகொண்டே இருக்கும், பட்டில் பட்டால் போகவே போகாது என்று எங்கள் தெரு நெசவாளர்களிடம் சொன்னேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். நான் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த மையில் என்ன கலந்திருக்கிறது, தோலில் அது எப்படிப் பிடிக்கிறது, ஒரு நிமிஷத்துக்குள் ஏன் காய்ந்துவிடுகிறது, காய்ந்த பிறகு ஏன் எதிலும் ஒட்டாது என்பதையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன். அந்தத் தகுதி இருந்ததால்தான் பொய் எடுபட்டது. வேறு யாராவது சொல்லியிருந்தால் டீக்கடையிலேயே சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

யாரும் எனக்குப் பணம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் ஒரு காரணமாவது சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுப் போட்ட அன்று யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். எப்போதோ யாரோ ஈர மையோடு வந்து புடவையைத் தொட்டு, அது கறையாகி, முதலாளி புடவையைத் தூக்கி எறிந்துவிட்டாராம். யார் வீட்டில் நடந்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைக் காட்டுவார்கள். தேர்தல் நாள் எப்படியும் விடுமுறை என்பதால் ஒரு நாள் தறி சும்மா கிடப்பது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஒரு நாளை நான் ஒரு வாரமாக நீட்டிவிட்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அது வார்டு தேர்தல் சமயம். மாசி மாதம், முகூர்த்தம் மேல் முகூர்த்தம். ராத்திரி பகல் பார்க்காமல் தறி ஓடும் காலம். இப்போது கல்யாணத்துக்கே வெளிர் நிறங்களைத்தான் கேட்கிறார்கள். சந்தனம், பால் வெள்ளை, கேரளத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களுக்குச் சுத்த வெள்ளை. தெருவில் பாதித் தறிகளில் அந்த நிறங்கள்தான் ஏறியிருந்தன. அந்த மாதத்தில் ஒரு வாரம் பட்டைத் தொடாதே என்றால் ஓட்டுப் போடாதே என்றுதான் பொருள்.

வார்டில் நின்ற கட்சி வேட்பாளர் என் பழைய மாணவன். அவனுக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தது நான். வாசகங்களும் என்னுடையவை. சாயங்காலங்களில் அவன் வீட்டுக் கூடத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி போடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அப்படி யாரும் எனக்காக நாற்காலி நகர்த்தியதில்லை.

அவனை எதிர்த்துச் சுயேச்சையாக நின்றவள் எங்கள் தெருப் பெண். என் மகள் வயது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு அதில் இல்லை. அதை நான் வேறு விதத்தில் செய்து முடித்துவிட்டேன்.

பாவு பிணைப்பது அவள் தொழில். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு நெய்து தீரும்போது, அடுத்த பாவின் இழைகளைப் பழையதன் நுனிகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு திருகு. ஆயிரக்கணக்கான இழைகள். காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பொழுது சாய்ந்துவிடும். ஒரு முடிச்சு நழுவினாலும் நெய்பவனுக்குத்தான் தலைவலி. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் நம்பிக்கையான ஒரு கை உண்டு. எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் அவள் கைதான்.

அவள் தேர்தலில் நின்றது தண்ணீருக்காக. சாயக் கழிவு ஓடும் கால்வாய்க்குள்ளேயே எங்கள் குடிதண்ணீர்க் குழாயும் போகிறது. எங்கோ ஓர் ஓட்டை. சில நாட்கள் முதல் குடம் ரோஸ் நிறத்தில் வரும். அவள் பெண்ணுக்கு மஞ்சள் காமாலை வந்து போனது, மறுபடியும் வந்தது. அலுவலகத்துக்கு நடந்து நடந்து அலுத்துப்போய்த்தான் மனுத் தாக்கல் செய்தாள். நோட்டீஸ் அடிக்கவில்லை. குழாயில் பிடித்த தண்ணீரை ஒரு பாட்டிலில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஆட்டிக் காட்டினாள். சின்னம் சீப்பு.

டீக்கடையில் ஒருவர் அவளைச் சீண்டினார். “சீப்புக்குப் போட்டா பேன்தான்மா போவும். தண்ணி எங்க வரப்போவுது?”

“பேன் போனாலே பாதித் தலைவலி போச்சு அண்ணே. மொதல்ல போடுங்க, தண்ணிய அப்பால பாக்கலாம்” என்றாள். கடையே சிரித்தது. நான் எழுதிய எந்த வாசகத்துக்கும் அப்படி யாரும் சிரித்ததில்லை.

அன்று சாயங்காலம் என் மாணவன் கவலையாக இருந்தான். “வார்டு பூரா நமக்குத்தான் சார். உங்க தெருதான் இடிக்குது. மொத்தமா அந்தம்மாவுக்குப் போட்டுடுவாங்க போல இருக்குது.”

“போட்டால்தானே?” என்றேன்.

யாரும் என்னிடம் யோசனை கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் கூடத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது. “சார் மூளையே மூளை” என்றான் ஒருவன். மறுநாள் காலை டீக்கடையில் இரண்டு நெசவாளர்களிடம் பேச்சோடு பேச்சாக, இந்தத் தடவை மை புது விதமாம், மருந்தைக் கூட்டியிருக்கிறார்களாம், வியர்வை பட்டால் ஒரு வாரம் கசியுமாம், சரிகையில் பட்டால் கறுத்துவிடும், ஜாக்கிரதையாக இருங்கள் என்றேன். அக்கறை தொனிக்கும்படி சொன்னேன். கட்சியின் மைக் ஆட்டோ சாமி புறப்பாட்டுக்கு ஒதுங்கி நின்று, பிறகு மறுபடி கத்திக்கொண்டு போனது. அதில் இதைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

தேர்தலுக்கு முன்னால் அவள் என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி காபி கொடுத்தாள்.

“சார், எவனோ புரளி கிளப்பி உட்டிருக்கான். மை கசியுமாம், ஒரு வாரம் தறியத் தொடக்கூடாதாம். நீங்க அந்தப் பாடம்தானே நடத்துனீங்க? கொழாயாண்ட வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேப்பாங்க.”

புரளியைக் கிளப்பியவன் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளிடம் சொன்னவர்கள் யாரும் என் பேரைச் சொல்லாமல், “படிச்சவங்க சொல்றாங்க” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அங்கே ஒரு வாய்ப்பு இருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அதில் வெள்ளி உப்பு இருப்பது உண்மைதானம்மா. கறையாகும் பொருள்தான். நான் எப்படி ஆகாது என்று சொல்ல முடியும்?” என்றேன்.

ஈரமாக இருக்கும் அந்தச் சில நொடிகளுக்கு அது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “சரி சார், நீங்க பொய் சொல்ல முடியாது இல்ல” என்று எழுந்து போனாள்.

தேர்தல் நாளில் நான் கட்சி ஏஜென்டாக வாக்குச்சாவடிக்குள் உட்கார்ந்திருந்தேன். நான் வேலை பார்த்த அதே பள்ளிக்கூடம். முதல் ஆளாக வந்து ஓட்டுப் போட்டவள் அவள்தான். மை வைத்த விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டே போனாள். அதற்குப் பிறகு எங்கள் தெருவிலிருந்து வந்தவர்கள் குறைவு. பத்து மணி வாக்கில் இரண்டு தறி வைத்திருக்கும் நெசவாளர் ஒருவர் இடக்கை ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தார்.

“பிளாஸ்திரியை எடுங்க” என்றார் மை வைக்கும் அம்மா.

“காயம் மேடம். வேற எங்கனா வைங்க. கால் கட்டவெரல்ல வைங்களேன், அது தறிப் பலகைய மிதிக்கறதோட சரி, பட்டத் தொடாது.” செருப்பைக் கழற்றிக் காலை நீட்டவே நீட்டிவிட்டார்.

வரிசை முழுக்கச் சிரித்தது. மை வைக்கும் அம்மாவும் சிரித்துவிட்டு, விரலில்தான் வைக்க முடியும், இல்லாவிட்டால் ஓட்டு இல்லை என்றார். நெசவாளர் என் பக்கம் திரும்பினார். “சார், தொண்ணூறு பங்கு நெய்ஞ்சு முடிஞ்ச பொடவை, சந்தன கலரு. நாளைக்கு நான் தொட்டே ஆவணும். இன்னா சார் பண்றது?”

ஒரு வார்த்தை போதும். ‘ஒரு நிமிஷத்தில் காய்ந்துவிடும், போடுங்கள்.’ நான் கையிலிருந்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் தோற்றாள். எங்கள் தெரு வழக்கம்போல வந்து போட்டிருந்தால் தோற்றிருக்க மாட்டாள். வார்டில் புதுக் குழாய் பதித்தபோது பள்ளம் எங்கள் தெரு முனை வரைக்கும் வந்து, அடுத்த தெருப் பக்கம் திரும்பியது.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. அவளைப் பாவு பிணைக்க யாரும் கூப்பிடவில்லை. “கை கொஞ்சம் காயட்டும்மா” என்றார்கள், நல்லவிதமாகத்தான். முகூர்த்த வேலை நிற்குமா? அந்தந்த வீடு வேறு கையைத் தேடிக்கொண்டது. நகம் வளர்ந்து அதில் இருந்த மை போவதற்குள் புதுக் கைகள் பழகிவிட்டன. குடிக்கும் தண்ணீருக்காக நின்றவள் பிழைக்கும் தொழிலை இழந்துவிட்டு, ஐயம்பேட்டையில் அக்காள் வீட்டுப் பக்கம் குடிபோனாள். ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுவதாகக் கேள்விப்பட்டேன்.

“அந்தப் பொண்ணு மூஞ்சப் பாத்து எப்படிங்க சொன்னீங்க?” என்று என் மனைவி ஒரே ஒரு முறை கேட்டாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

ஆண்டுகள் போயின. சட்டமன்றத் தேர்தல் நெருங்கியபோது என் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. பட்டு நெசவாளர்கள் கவனத்துக்கு, மை ஒரு வாரம் கசியும், இது ஒரு வேதியியல் பேராசிரியர் சொன்னது என்று போட்டிருந்தது. அனுப்பியவர் வேறு ஊர், வேறு கட்சி. என் பொய் எனக்கே பதவி உயர்வு கொடுத்துத் திரும்பி வந்திருந்தது. அன்றைக்குத்தான் ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டைக்குப் போனேன்.

அவள் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். “வாங்க சார், இன்னா இவ்ளோ தூரம்?” என்று முறத்தை ஒதுக்கி இடம் கொடுத்தாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையில் பேசியவன் நான். யோசனையும் என்னுடையது.

கீரை உருவிய கை நிற்கவில்லை. “அப்போ நான் வூட்டுக்கு வந்து கேட்டேனே?”

“அப்போதும் தெரியும்.”

“காபி குடுத்தீங்களே சார்.” அவள் குரல் ஏறவில்லை. “வாத்தியார் ஒருத்தர்தான் உக்கார வெச்சு மரியாதையா பேசுனாருன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு போனேன்.”

மன்னித்துவிடு என்று சொன்னேன். காம்புகளைத் தனியாகக் குவித்துவிட்டுக் கையைத் தட்டினாள்.

“எனக்கு இன்னும் அந்தத் தெருவுலதான் ஓட்டு இருக்குது. எலக்சன் அன்னைக்கு வந்து போடுவேன். போட்ட கையோட ஒரு வெளுத்த பாவு பிணைக்கணும். யார்னா ஒருத்தர் கூப்புடச் சொல்லுங்க. கூலி கூட வேணாம். எல்லாரும் பாக்க ஒரே ஒரு பாவு. அது போதும், மறுபடி கூப்புட ஆரம்பிச்சிடுவாங்க.” உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். “பாத்தரம் தேச்சு மொரடாயிட்டுது. எண்ண தடவிக்கினா சரியாப் பூடும்.”

மறுநாள் காலை தண்ணீர் வரும் நேரத்தில் குழாயடிக்குப் போய் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். நான் சொன்னது பொய், மை கசியாது, அந்தப் பெண்ணைத் தோற்கடிக்கச் சொன்னேன் என்றேன். குடம் நிரம்பி வழிந்தது. யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இப்போ எந்தக் கட்சி சார்?” என்று ஒருவர் கேட்டார்.

“எந்தக் கட்சியும் இல்லை.”

“போன தபா கசியும்னீங்க, இந்தத் தபா கசியாதுன்றீங்க. மை மாறிச்சா, நீங்க மாறிட்டீங்களா?”

சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும், “வயசானவர உடுங்கப்பா” என்று எனக்காகப் பேசினாள். மாலையில் என் பழைய மாணவன் போன் செய்தான். “எதுக்கு சார் உங்களுக்கு இந்த வேலையெல்லாம்? உடம்பைப் பாத்துக்குங்க” என்றான். மிரட்டல் எதுவும் இல்லை. என் வார்த்தைக்கு இப்போது மிரட்டும் அளவுக்கு மதிப்பும் இல்லை.

வீடு வீடாகப் போனேன். காபி கொடுத்தார்கள், பாவு கொடுக்கவில்லை. கடைசியில், கால் விரலில் மை வைக்கச் சொன்ன அந்த நெசவாளர்தான் ஒத்துக்கொண்டார். “வரச் சொல்லுங்க சார். அவங்க பிணைச்ச பாவுல ஒரு முடிச்சு நழுவுனது கெடையாது. என்னாண்ட சந்தனப் பாவு ஒண்ணு வருது. அதையே குடுக்கறேன். நானும் இந்த வாட்டி ஓட்டுப் போட்டுடறேன்.” நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றே ஐயம்பேட்டைக்குச் சொல்லி அனுப்பினேன்.

தேர்தல் அன்று முதல் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். விரல்கள் எண்ணெய் தடவித் தடவி மிருதுவாகியிருந்தன. ஓட்டுப் போட்டுவிட்டு வெயிலில் விரலை நீட்டிக்கொண்டு, மை முழுக்கக் காயும் வரை நின்றாள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாள். “போலாமா சார்?” என்றாள். தெருவில் இரண்டு மூன்று வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

நெசவாளர் வீட்டில் இரண்டு தறிகள். உள்பக்கத் தறியில் சந்தனப் பாவு பிணைப்பதற்காக வந்திருந்தது. அதன் மேல் ஒரு போர்வை போர்த்தி, ஓரங்களைச் செருகி வைத்திருந்தார்கள். வாசல் பக்கத் தறியில் வேறொரு பாவு பிணைக்கத் தயாராக இருந்தது. கத்திரிப்பூ நிறம். அவள் விரலில் இருந்த மையின் நிறத்துக்கு மிகவும் கிட்டத்தில்.

“இத மொதல்ல முடிச்சுடலாம்மா” என்றார் நெசவாளர், எங்கள் இருவரையும் பார்க்காமல். “இதுதான் அவசரமா கேக்கறாங்க.”

அவர் மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள். நான், “சந்தனம் என்று சொன்னீர்களே” என்று ஆரம்பித்தேன். பிணைக்க வந்தவள் என்னைத் தடுத்தாள். வாயால் இல்லை. கையை லேசாக அசைத்து. அந்தப் போர்வையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், “சாம்பல் எங்க இருக்குது?”

உட்கார்ந்தாள். நான் மத்தியானம் ஒரு முறை போய்ப் பார்த்தேன். நிமிரவில்லை. விரல்கள் மறந்திருக்கவில்லை. வாசலில் நின்று பார்த்தவர்கள் சீக்கிரமே போய்விட்டார்கள். அடர் நிறப் பாவில் பார்க்க என்ன இருக்கிறது? “நீங்கள் ஓட்டுப் போடவில்லையா?” என்று நெசவாளரைக் கேட்டேன். “கூட்டம் கொறையட்டும் சார், அப்பால போறேன்” என்றார்.

பொழுது சாயும்போது எழுந்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். நெசவாளரின் மனைவி கொடுத்த கூலியை மறுக்காமல் வாங்கி முந்தானையில் முடிந்தாள். தெரு முனை வரைக்கும் நான் கூடப் போனேன். ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, “நீங்க வூட்டுக்குப் போங்க சார், இருட்டுது” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் எங்கள் தெருவுக்கு வரவில்லை. சந்தனப் பாவை அடுத்த வாரம் வேறொருத்தி வந்து பிணைத்தாள்.

அன்று அவளை அனுப்பிவிட்டு நான் நெசவாளர் வீட்டுக்குத் திரும்பிப் போனேன். வாக்குப்பதிவு முடிந்துவிட்டிருந்தது. அவர் போகவில்லை. குழல்விளக்கைப் போட்டுவிட்டு, பிணைத்த இடத்தில் குனிந்து, முடிச்சுகளை விரலால் நீவிப் பார்த்துக்கொண்டிருந்தார். “கை அப்படியே இருக்குது சார், ஒண்ணு கூட நழுவல” என்றார். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எங்கேயும் கறை இல்லை. இருந்திருந்தாலும் அந்த நிறத்தில் தெரிந்திருக்காது.